வாளும் கப்பலும் செதுக்கிய கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்கைல் பகுதியிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் இருக்கும் இடைக்காலச் சிற்றாலயங்கள், சிலுவைகள், கல்லறைப் பலகைகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

வளையம் வைத்த சிலுவை எல்லாவற்றையும் ‘செல்டிக் சிலுவை’ என்கிறார்கள். இவை எல்லாம் ஒரே காலத்தவையா? – வாசகர், திருநெல்வேலி

இல்லை. ஒரே ஆலயத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கற்களுக்கு நடுவே அறுநூறு, எழுநூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கூட்டம் 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அயர்லாந்திலிருந்து வந்த துறவி கொலம்பா 563-இல் ஐயோனா தீவில் மடம் நிறுவினார். அந்த மடத்தின் செல்வாக்கில் எழுந்த பெரிய சிலுவைகள் இவை. ஐயோனாவில் புனித மார்ட்டின் சிலுவை இன்னமும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஐலே தீவின் கில்டால்டன் சிலுவை சுமார் 2.65 மீட்டர் உயரம், முழுவதும் ஒரே கல். அதில் குழந்தையோடு மரியாள், தம்பி ஆபேலைக் கொல்லும் காயீன், மகனைப் பலியிடக் கையோங்கிய ஆபிரகாம், சிங்கத்தோடு போராடும் தாவீது ஆகியோரைப் பார்க்கலாம். சுருள்களும், குமிழ்போல் புடைத்த உருண்டைகளும், அவற்றைச் சுற்றிப் பின்னிய பாம்புகளும் இந்தக் காலத்தின் அடையாளம்.

இரண்டாவது கூட்டம் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. ‘தீவுகளின் பிரபுக்கள்’ என்ற பட்டத்தோடு மக்டொனால்டு குலத் தலைவர்கள் ஆண்ட காலமும், 1493-இல் அரசர் அந்தப் பட்டத்தைப் பறித்த பிறகான சில பத்தாண்டுகளும் இதில் அடங்கும். கல்லறைப் பலகைகள் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். இந்தக் காலத்துச் சிலுவைகள் மெலிந்து உயர்ந்தவை. பலவற்றின் தலை, இடைவெளி விட்ட வளையமாக இல்லாமல் தட்டையான வட்டத் தட்டாக இருக்கும். கைகள் அதிலிருந்து கொஞ்சம்தான் நீளும். தண்டு முழுக்கக் கொடியும் இலையும் ஓடும். 1560-இல் ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தம் வந்ததோடு இந்தக் கலை நின்றுபோனது.

சிலுவைத் தலையில் அந்த வளையம் எதற்கு? சூரிய வழிபாட்டின் மிச்சம் என்று படித்தேன். – வாசகி, கோவை

சூரியக் கதைக்கு ஆதாரம் கிடையாது. கிறிஸ்துவின் வெற்றி மாலையைக் குறிக்கும் வட்டம் பழைய கிறிஸ்தவக் கலையில் இருந்தது. அது ஒரு வேர். ஆனால் கல்தச்சருக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. ஐயோனாவின் புனித யோவான் சிலுவையைப் பாருங்கள். கைகளின் அகலம் மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல். ஒரே கல்லில் அவ்வளவு அகலம் கிடைக்காது. அதனால் தச்சர் மரத்தை இணைப்பதுபோல் துளையும் கூரும் போட்டுப் பல துண்டுகளைக் கோத்தார்கள். தாங்கவில்லை. வளையத்தின் துண்டுகள் பிறகு முட்டுக்கொடுக்கச் சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அதன் பிறகும் பலமுறை விழுந்தது. கடைசியாக 1957 புயலில். இன்று மூலத் துண்டுகள் மடத்தின் அருங்காட்சியகத்தில் பொருத்தி நிறுத்தப்பட்டிருக்கின்றன. வெளியே பழைய பீடத்தில் நிற்பது 1970-இல் வைத்த கான்கிரீட் நகல். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த நகலைத்தான் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தயவுசெய்து உள்ளேயும் போய்ப் பாருங்கள்.

கல்லறைப் பலகையில் பெயரே இல்லை. யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பெயர் இல்லாத பலகைகள்தான் அதிகம். சிலவற்றில் எழுத்துக்கென்று சட்டமிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். ஆகவே முதலில் படங்களைப் படிக்கப் பழகுங்கள்.

பலகை சுமார் 1.8 முதல் 2 மீட்டர் நீளம் இருக்கும். தலைமாட்டில் அகலம், கால்மாட்டில் குறுகும். நடுவில் நெட்டாக ஒரு வாள் இருந்தால் ஆயுதம் தரித்த குடும்பத்து ஆண். கைப்பிடியின் நுனியைக் கவனியுங்கள். இதழ் இதழாகப் பிரிந்த குமிழும், கீழ்நோக்கி வளைந்த குறுக்குக் காப்பும் பழைய வகை. வைக்கிங் வாளின் வழிவந்தது. இரு கையால் பிடிக்கும் நீண்ட பிடி, சரிந்து இறங்கும் காப்பு, அதன் நுனியில் நான்கிதழ் வளையம் என்றால் 1500-ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தையது. பெயரில்லாக் கல்லுக்குக் காலம் சொல்ல இதைவிட நல்ல தடயம் வேறில்லை.

கத்தரிக்கோல் பெண்ணைக் குறிக்கும். இரண்டு அலகும் ஒரே இரும்புப் பட்டையில் வளைந்து சேரும் பழைய வகை அது. முதல் பார்வைக்குக் குறடுபோல் தெரியும். சீப்பு, கண்ணாடி, சிறு பேழை ஆகியவையும் பெண்களின் பலகையில் வருபவை. பலிபூசைக் கிண்ணம் குருவானவருக்கு. பட்டறைக்கல், சுத்தியல், இடுக்கி கொல்லருக்கு. ஆர்கைலின் கீல்ஸ் ஆலயத்தில் ஒரு பலகையில் யாழ் வகைக் கருவி இருக்கிறது. அந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் கிளார்சக் என்பார்கள்.

கப்பல் செதுக்கியிருந்தால் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். பிர்லின் என்ற துடுப்புக் கப்பல் அது. முன்னும் பின்னும் உயர்ந்திருக்கும். நடுவில் ஒரே பாய்மரம். பின்புறத்தில் சுக்கான் தொங்கும். பழைய வைக்கிங் கப்பலில் சுக்கான் பக்கவாட்டுத் துடுப்பாக இருந்தது. இங்கே அது பின்னால் நடுவுக்கு வந்துவிட்டது. இந்தக் கப்பல்கள் எப்படி இருந்தன என்று அறிய இந்தக் கற்கள்தான் முக்கியச் சான்று. ஹாரிஸ் தீவின் ரோடெல் ஆலயத்தில், தலைவர் அலஸ்டெர் மக்லியோட் தமக்காகவே 1528-இல் கட்டிய கல்லறையில் மிகத் தெளிவான பிர்லின் உண்டு. பலகைகள், கயிறுகள், துடுப்புக்கான துளைகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

எழுத்து இருந்தால் அது இலத்தீன். ‘ஹிக் யாகெட்’ என்று தொடங்கினால் ‘இங்கே அடக்கம்’. ‘ஃபிலியஸ்’ என்பது மகன், ‘ஃபிலியா’ மகள். ‘மே ஃபியெரி ஃபெகிட்’ என்றால் ‘என்னைச் செய்வித்தவர்’: கல்லே பேசுவதுபோல். உருண்டு பருத்த பெரிய எழுத்துகள் முந்தையவை. கம்பிபோல் நெருங்கி நிற்கும் கோண எழுத்துகள் பிந்தையவை. ஆர்கைலில் கில்மோரி நாப் என்ற இடத்து ஆலயத்தில் உள்ள சிலுவையில் ‘இது அலெக்சாண்டர் மக்மில்லனின் சிலுவை’ என்று நேரடியாகவே இருக்கிறது. ஐயோனாவில் உள்ள ஒரு சிலுவைத் தண்டில் லாக்லன் மக்கின்னன், அவர் மகனும் மடாதிபதியுமான ஜான் ஆகியோர் பெயரோடு 1489 என்ற ஆண்டும் உண்டு. ஆண்டு கிடைத்த கற்கள் சிலதான். மற்றவற்றின் காலத்தை இவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம்.

வெறும் வாள் மட்டும் உள்ள பலகைகள் டெம்ப்ளர் வீரர்களின் கல்லறைகள் என்கிறார்களே? – வாசகர், சென்னை

டெம்ப்ளர் என்பது சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்களின் சபை. அதைப் போப் 1312-இல் கலைத்துவிட்டார். இந்தப் பலகைகளில் பெரும்பான்மை அதற்குப் பிந்தியவை; பெயர் பொறித்தவை எல்லாம் உள்ளூர்க் குலத்தார், குருமார், கன்னியர். வாள் அந்த ஊரில் பெரிய வீட்டு ஆண்மகனின் அடையாளம், அவ்வளவுதான். சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் விடாமல் சொல்லும் இந்தக் கதை, அந்தக் கல்லுக்கு உண்மையான சொந்தக்காரரை மறைத்துவிடுகிறது.

ஐயோனாவில் 48 ஸ்காட்லாந்து மன்னர்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களின் பலகை எது? – வாசகர், யாழ்ப்பாணம்

அந்த எண் 1549-இல் டொனால்ட் மன்றோ என்ற குருவானவர் எழுதிய தீவுகள் பற்றிய குறிப்பில் வருகிறது. ஐயோனாவில் மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்டது உண்மை. எண்ணிக்கையை அப்படியே ஏற்க முடியாது. இப்போது நாம் பார்க்கும் செதுக்கிய பலகைகளில் எதுவும் அந்தப் பழைய மன்னர்களுடையது அல்ல. அவை சில நூற்றாண்டுகள் கழித்து வந்த தலைவர்கள், மடாதிபதிகளுடையவை. ரெய்லிக் ஓரன் என்ற அந்த இடுகாட்டில் 12-ஆம் நூற்றாண்டின் புனித ஓரன் சிற்றாலயம் நிற்கிறது. தீவில் முழுதாக நிற்கும் கட்டடங்களில் பழமையானது அதுதான்.

அக்டோபரில் ஸ்காட்லாந்து போகிறேன். சென்ற முறை எடுத்த படங்களில் கல் வெறும் சாம்பல் பலகையாகத்தான் வந்தது. செதுக்கல் தெரியும்படி எப்படி எடுப்பது? – வாசகர், லண்டன்

தேய்ந்த பலகையில் செதுக்கலின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். நேராக வெளிச்சம் அடித்தால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் உருவம் தெரியாது. கேமராவில் உள்ள ஃபிளாஷை முதலில் அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் கெடுப்பது அதுதான்.

டிரைபாடில் கேமராவை வைத்து, லென்ஸ் பலகைக்கு நேர் எதிராக இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வெளிச்ச அளவைக் கையால் பூட்டிவிடுங்கள். பிறகு நல்ல எல்இடி டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில், கல்லின் பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் 10 அல்லது 15 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். டார்ச் கல்லுக்கு மிக அருகில் இருந்தால் ஒரு மூலை வெளுத்து மறுமூலை இருண்டுபோகும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கேமராவை அசைக்காமல் இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் காணாத கோடு அடுத்ததில் வரும். ஓரத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். கல்மேல் சாய்க்காதீர்கள், தரையில் நிறுத்துங்கள்.

கில்மோரி நாப் போன்ற கண்ணாடிக் கூரை ஆலயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பலகைகள் சுவரோரம் நிமிர்ந்து நிற்கின்றன. வெளிச்சம் மேலிருந்து வழிகிறது. அந்த வெளிச்சத்தில் குறுக்கே ஓடும் கோடுகள் நன்றாகத் தெரியும். நெட்டாக ஓடும் கோடுகள் மறைந்துபோகும். அதாவது வாளின் குறுக்குக் காப்பு தெரியும், அலகு தெரியாது. ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பலகையின் தலைக்கு மேல் ஒருவர் பிடிக்கட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். அலகு எழுந்து வரும்.

முப்பரிமாண மாதிரி செய்ய வேண்டுமானால் முறை நேர் எதிர். அதற்கு நிழல் கூடாது. மேகம் மூடிய நாள் நல்லது. படத்துக்குப் படம் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, ஒரு பலகைக்கு 60 முதல் 100 படம் எடுங்கள். மழையில் நனைந்து மின்னும் கல்லில் மென்பொருள் குழம்பிவிடும். ஈரம் காயும்வரை காத்திருங்கள்; துணியால் துடைக்க வேண்டாம்.

சுண்ணக்கட்டியால் கோடுகளை நிரப்பிப் படம் எடுக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். துளைகளுக்குள் தங்கும் தூள் போகாது. அதோடு, நீங்கள் வரைந்தது கல்வெட்டல்ல, நீங்கள் நினைத்துக்கொண்டது.

நம் ஊரில் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுப்பதுபோல் அங்கே எடுக்கலாமா? – கல்வெட்டு ஆர்வலர், மதுரை

கூடாது. அனுமதி இல்லாமல் எடுப்பது சட்டப்படியும் தவறாகலாம். அதைவிட முக்கியம், அந்தக் கல்லின் தன்மை. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடிப்பது கருங்கல்லுக்குச் சரி. ஆர்கைல் பலகைகள் பெரும்பாலும் குளோரைட் சிஸ்ட் என்ற பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். லோக் ஸ்வீன் என்ற கடற்கழியின் கரையில் டாய்ட் என்ற இடத்துச் சுரங்கத்திலிருந்து வெட்டிப் படகில் ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். உளிக்கு மெத்தென்று இடம் கொடுக்கும். ஏடு ஏடாகப் பிரிந்து தட்டையான பலகையாகவே கிடைக்கும். சிற்பிக்கு வசதியாக இருந்த அந்த ஏடுதான் இப்போது ஆபத்து. மேலேடு தளர்ந்திருக்கும் இடத்தில் தூரிகை பட்டாலே சில்லு பெயர்ந்துவிடும். தட்டையான பலகை எதிலும் விரல் மடக்கி லேசாகத் தட்டிப் பார்க்கக்கூட நாங்கள் சொல்லமாட்டோம். மெழுகுக் குச்சி தேய்த்துப் படியெடுப்பதும் அப்படியே. மேலே சொன்ன சாய்வொளிப் படம் மைப்படியைவிட அதிகம் தரும்.

எங்கள் ஊர்ப் பழைய ஆலய இடுகாட்டைத் தன்னார்வலர்களாகச் சுத்தம் செய்கிறோம். புல்லுக்கடியில் ஒரு பலகையின் விளிம்பு தெரிகிறது; கொடிபோல் ஏதோ செதுக்கல் இருக்கிறது. தோண்டி எடுத்துக் கழுவலாமா? – வாசகர், கிளாஸ்கோ அருகே

அங்கேயே நிறுத்திவிடுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலையால் நாசமான பலகைகள் ஏராளம். காரணம் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

மண்ணுக்குள் இருந்த கல் நீரைக் குடித்து ஊறியிருக்கும். மேலே இருந்த புல்லும் மண்ணும் போர்வையாக இருந்து உறைபனி படாமல் காத்தன. அந்தப் போர்வையை உரித்துப் போட்டால் முதல் குளிர்காலத்திலேயே உள்ளே ஊறிய நீர் உறையும். உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும். சிஸ்ட் கல்லின் ஏடுகளுக்கு நடுவே அது ஆப்பு அடித்ததுபோல் வேலை செய்யும். வசந்தத்தில் வந்து பார்த்தால் செதுக்கிய மேலேடு அப்பளம்போல் பெயர்ந்து கிடக்கும்.

இப்போது உங்கள் வேலை: தெரியும் விளிம்பை, பக்கத்தில் அளவுகோல் வைத்து, நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஆலயச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து நாடாவால் தூரம் அளந்து குறியுங்கள். கைப்பேசியின் இடக்குறிப்பு சில மீட்டர் தவறலாம். பிறகு எடுத்த புல்லையே திரும்ப வைத்து மெல்ல அழுத்தி மூடிவிடுங்கள். இடுகாடு எந்த உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கும், பழஞ்சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அந்த இடம் பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால், 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி மண்ணைக் கிளறுவதே குற்றம். நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். புல்லுக்கடியில் வேறு கல் இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். கம்பியின் நுனி செதுக்கலில் பள்ளம் போடும். செதுக்கிய சில்லு தனியாகக் கையில் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. உரிமையாளர் இல்லாத பழம்பொருள் ஸ்காட்லாந்தில் அரசுக்குச் சொந்தம். தெரிவித்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே வெளியே கிடக்கும் பலகைகளுக்கு: கம்பி பிரஷ், உயர் அழுத்தத் தண்ணீர், பிளீச்சிங் மூன்றும் கூடவே கூடாது. பிளீச்சிங் விட்ட உப்பு கல்லுக்குள் போய்ப் படிகமாகி உள்ளிருந்தே உதிர்க்கும். லைக்கனைச் சுரண்டாதீர்கள். நம் சமையலில் போடும் கல்பாசியின் இனம்தான் இது. அதன் வேரிழைகள் ஏடுகளுக்குள் இறங்கியிருக்கும். இழுத்தால் கல்லும் கூடவே வரும். சில லைக்கன் வகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவையும்கூட. பறவை எச்சம், சகதி மட்டும் என்றால், நிபுணர் ஒருவர் கல் உறுதியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

புல்வெட்டும் இயந்திரத்தையும் மறக்காதீர்கள். நைலான் கயிறு சுழலும் வெட்டி நிற்கும் சிலுவையின் அடிப்பாகத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு கோடு போடுகிறது. கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கையால் கத்தரியுங்கள்.

கூரை இல்லாத சிற்றாலயச் சுவரின் இடுக்குகளை சிமென்ட் பூசி அடைத்தால் என்ன? உறுதியாகத்தானே இருக்கும்? – கட்டடப் பொறியாளர், திருச்சி

உறுதியாக இருப்பதுதான் சிக்கல். இந்தச் சிற்றாலயங்கள் 12, 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறு நீள்சதுரக் கட்டடங்கள். கிழக்குச் சுவரில் வெளியே குறுகி உள்ளே விரியும் சன்னல்கள். சுவர் இரண்டு முகமும், நடுவில் சில்லும் சுண்ணாம்பும் நிரப்பியதுமாக இருக்கும். மழைநீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது. போன நீர் இடுக்குக் கலவை வழியாக வெளியே மூச்சுவிட்டுக் காய்கிறது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். நீர் கல்வழியே வெளியேறப் பார்க்கும். உறைபனியில் கல்லின் முகம் உதிரும். கடைசியில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கிப் போயிருக்கும். கலவை எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது கலவையாக இருக்கட்டும், அதை மாற்றலாம்.

அனுமதி பெற்றுச் செய்யும் வேலையில் பொதுவான முறை இது. தளர்ந்த கலவையை மட்டும், இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையால் எடுக்க வேண்டும். இயந்திர அறுவை கூடாது. இயற்கை நீரியல் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. இந்தச் சுண்ணாம்பு வலிமையைப் பொறுத்து 2, 3.5, 5 என்று வகைப்படும். இந்தக் கல்லுக்கு 2 அல்லது 3.5 வகையே போதும். 5 வகை மிகக் கடினம். இடுக்கை நன்றாக நனைத்து, பெரிய இடைவெளியில் சிறு கல் ஆப்பு வைத்து, 20 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகத் திணிக்க வேண்டும். ஈரச் சணல் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் தொடவே கூடாது; ஆர்கைலில் செப்டம்பரோடு வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அக்டோபரில் அவசரமாகப் பூசிய சுண்ணாம்பு முதல் உறைபனியில் மாவாகக் கொட்டும். பழி சுண்ணாம்பின்மேல் விழும், அடுத்த ஆண்டு யாராவது சிமென்ட் மூட்டையோடு வருவார்கள்.

பழைய கலவையை எடுக்கும்போது ஒரு கவனம். அதில் கிளிஞ்சல் துணுக்குகளும் கரித்துண்டுகளும் இருக்கும். அந்தக் கரியை வைத்து ரேடியோகார்பன் முறையில் கட்டிய காலத்தைக் கணிக்க முடியும். பேர் எழுதிய பையில் மாதிரி எடுத்து வைக்காமல் ஒரு கைப்பிடிகூட வெளியே கொட்டக்கூடாது.

சுவரின் தலையை சிமென்ட்டால் மூடுவதற்குப் பதில் இப்போது புல்தரை போர்த்துகிறார்கள்: 10, 15 செ.மீ. கனத்துக்குக் களிமண் கலந்த மண், அதன்மேல் உள்ளூர்ப் புல். மழையை உறிஞ்சி மெல்ல விடும், குளிரையும் தடுக்கும். ஆனால் மரக்கன்று முளைத்தால் சிறியதாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். வேரோடு பிடுங்கினால் சுவர்தலையே வரும்.

கற்களைக் கூரைக்குள் வைத்த பிறகும் பச்சை படிகிறதே, ஏன்? – வாசகி, சிங்கப்பூர்

மழை நின்றாலும் ஈரம் நிற்கவில்லை. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஈரம் ஏறுகிறது. கண்ணாடிக் கூரை வெளிச்சம் தருகிறது. பாசிக்கு வேறென்ன வேண்டும்? மருந்து தெளித்துப் பயனில்லை, திரும்ப வரும். பலகை தரையைத் தொடாமல் துருப்பிடிக்காத தாங்கியில் நிற்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கையளவு காற்றோட்டம் வேண்டும். வெளியே வடிகால் இலை அடைக்காமல் இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தால் சாத்துங்கள். பறவையும் ஆடும் உள்ளே போகாமலிருக்கத்தான். அப்படியும் பச்சை கொஞ்சம் இருக்கும். ஏடு பெயர்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஐயோனாவில் ஒரு பெண்ணின் உருவம் செதுக்கிய பலகை இருப்பதாகப் படித்தேன். அவர் யார்? – வாசகி, புதுச்சேரி

அன்னா மக்லீன். ஐயோனா கன்னிமாடத்தின் தலைவி. 1543-இல் இறந்தார் என்று பலகையே சொல்கிறது. மடிப்பு மடிப்பான அங்கியில் நிற்கிறார். காலடியில் இரண்டு பக்கமும் சிறு நாய்கள். தலைக்கு மேல் சீப்பும் கண்ணாடியும். கீழ்ப்பாதியில் குழந்தையோடு மரியாள் இருந்தார். கன்னிமாட ஆலயத்தின் வளைவுக் கூரை இடிந்து விழுந்ததில் அந்தப் பாதி நொறுங்கிப்போனது. அதற்கு முன் ஒருவர் வரைந்து வைத்த படத்தில்தான் அதை இப்போது பார்க்க முடிகிறது. மேல்பாதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்கு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எப்படிப் போவது? – வாசகர், பர்மிங்ஹாம்

லாக்கில்ப்ஹெட் ஊரில் தங்குங்கள். முதல் நாள் கில்மார்ட்டின்: ஆலய வளாகத்தில் பலகைகளும், ஆலயத்துக்குள் சிலுவைகளும். இரண்டாம் நாள் லோக் ஸ்வீனின் இரு கரைகள். டெய்வாலிக் ஊரைத் தாண்டிச் சாலை முடியும் இடத்தில் கீல்ஸ். எதிர்க்கரையில் கில்மோரி நாப். கடலில் சில கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் காரில் கடற்கழியின் தலையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாதை ஒற்றை வண்டி அகலம். விலகுமிடங்களில் கார் நிறுத்தக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே கிளம்புங்கள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஐயோனாவுக்கு. ஓபன் துறைமுகத்திலிருந்து மல் தீவின் கிரெய்க்னியூருக்குக் கப்பல். அங்கிருந்து ஃபியோன்ஃபோர்ட்டுக்குச் சுமார் 60 கி.மீ. சாலை, பிறகு பத்து நிமிடப் படகு. பார்வையாளர் கார் தீவுக்குள் போக முடியாது. ஒரே நாளில் போய்த் திரும்புபவர்களுக்குத் தீவில் சில மணிநேரம்தான் கிடைக்கும்; ஒரு இரவு தங்கினால் மாலைச் சாய்வெயிலில் புனித மார்ட்டின் சிலுவையின் மேற்கு முகத்தைப் பார்க்கலாம். கில்டால்டனை இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்குக் கென்னக்ரெய்க்கிலிருந்து ஐலே தீவுக்குத் தனிக் கப்பல் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை கப்பல் நேரம் குறையும், புயல் நாளில் ரத்தாகும். கடைசி நாளில் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் போனால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு காற்றில்லாத மாலையில் நிற்கவிடாது. முகவலை எடுத்துப் போங்கள். ரப்பர் பூட்ஸ், கறுப்புக் குடை, டார்ச், அதற்கு மாற்று பேட்டரி.